வீட்டுத்திட்டம் யாருக்குப் போகிறது? மட்டக்களப்பு, அம்பாறையில் நீங்களே கணக்கு வைக்கலாம்

வீட்டுத்திட்டம் என்ற பேச்சு எழும்பினால் நம்ம பக்கத்தில் எல்லா ஊரிலும் ஒரே வசனம்தான்: "எல்லாம் அவங்கட ஆக்களுக்குத்தான் போகுது." தமிழ் ஊரில் முஸ்லிம்களைச் சொல்வார்கள், முஸ்லிம் ஊரில் தமிழரைச் சொல்வார்கள், அம்பாறைக் கரையோரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து உகண, தமண பக்கம் கையைக் காட்டுவார்கள், அங்கே போனால் இதையே சிங்களத்தில் கேட்கலாம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு அட்டவணை கையில் இல்லாமல் இதைப் பேசி முடிக்க முடியாது. ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்கு இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் அந்த அட்டவணையைப் போட்டுவிடலாம்.

முதலில் எதை வைத்து வகுக்கப்போகிறீர்கள் என்று முடிவெடுங்கள். அக்கரைப்பற்று நுரைச்சோலை வீடுகளை எல்லாருக்கும் தெரியும். 2004 சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள், விசயம் உச்ச நீதிமன்றம் வரை போய், நாட்டின் இன விகிதப்படி பகிர வேண்டும் என்றாகி, வருடக்கணக்காக ஆள் குடிபுகாமல் பற்றை மண்டிக் கிடந்தன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. நாடு முழுக்க எடுத்தால் சிங்களவர் 75 வீதம், முஸ்லிம்கள் 9 வீதத்துக்குச் சற்று மேல். அதே 500 வீட்டை நாட்டு விகிதத்தில் பிரித்தால் முஸ்லிம்களுக்கு 50 கூட வராது, மாவட்ட விகிதத்தில் 215 அளவில் வரும், கடல் கொண்டுபோன வீடுகளின் கணக்கில் பிரித்தால் இன்னொன்று வரும். மூன்றையும் ‘நியாயம்’ என்று சொல்ல ஆள் இருக்கிறது. என் கருத்து, சனத்தொகையை விட்டுவிட்டு, ஒழுங்கான வீடில்லாத குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுங்கள். இனத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

ஒழுங்கான வீடில்லாதவர்களை எங்கே எண்ணுவது? தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2012 அட்டவணைகள் இணையத்தில் இருக்கின்றன. சுவர், கூரை, தரை எதனால் ஆனது, மலசலகூடம் உண்டா, வீடு நிரந்தரமா, அரை நிரந்தரமா, தற்காலிகமா என்று பிரிவுவாரியாகப் போட்டிருப்பார்கள். 2024 கணக்கெடுப்பின் அட்டவணை உங்கள் பிரிவுக்குக் கிடைத்தால் அதையே எடுங்கள். இனவாரி அட்டவணை தனியாக இருக்கும், இரண்டையும் கிராம சேவகர் பிரிவு மட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். நம்ம பகுதியில் ஒரு வசதி (வசதி என்று சொல்வதும் துக்கம்தான்): பிரதேச செயலகப் பிரிவுகளே கிட்டத்தட்ட இனவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியையும் தமிழர் வாழும் வவுணதீவையும் ஒப்பிட்டால் பாதி விடை வந்துவிடும். மண்முனைப்பற்று மாதிரிக் கலந்த இடங்களில் மட்டும் கிராம சேவகர் பிரிவு வரை இறங்க வேண்டும்.

‘எல்லாருக்கும் சமம்’ என்று வரும் திட்டத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். 2020 இல் ‘உங்களுக்கு ஒரு வீடு’ திட்டம் ஒரு கிராம சேவகர் பிரிவுக்கு ஒரு வீடு என்று வந்தது, நாடு முழுக்க 14,022 பிரிவு, ஒரு வீட்டுக்கு 6 இலட்சம் ரூபா. கேட்க நல்லாத்தான் இருக்கும். 2012 கணக்குப்படி மட்டக்களப்பில் ஐந்தேகால் இலட்சம் சனத்துக்கு 350க்கும் சற்றுக் குறைவான பிரிவுகள், அம்பாறையில் ஆறரை இலட்சத்துக்கு 500 சொச்சம். அதாவது அம்பாறையில் சராசரியாக 1,300 பேருக்கு ஒரு வீடு, மட்டக்களப்பில் 1,500 பேருக்கு ஒன்று. யாரும் யாரையும் ஒதுக்க நினைக்கவில்லை, எல்லைக் கோடு அந்த வேலையைச் செய்துவிட்டது.

அடுத்தது, கொடுத்த வீடுகளின் விபரம். இதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். பிரதேச செயலகத்திலும் தேசிய வீடமைப்பு அதிகார சபையின் மாவட்டக் காரியாலயத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை, எந்த மொழியில் வேண்டும் என்றும் குறிப்பிடலாம். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வராதீர்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்வியை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் முழுச் சூட்சுமமும். பயனாளிகளின் பெயரைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று இலேசாகத் தட்டிவிடுவார்கள். எண்ணிக்கை கேளுங்கள். ‘2015 முதல் இன்றுவரை ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவிலும், ஒவ்வொரு திட்டத்தின் கீழும் விண்ணப்பித்தவர் எத்தனை, தெரிவானவர் எத்தனை, பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் எத்தனை, வழங்கிய காசுத் தவணைகள் எத்தனை, முடிந்த வீடுகள் எத்தனை’ என்று அட்டவணையாகவே கேட்டு, வெற்று அட்டவணை ஒன்றையும் இணைத்துக் கொடுங்கள். கிளாக்கருக்கு வேலை குறைந்தால் பதில் கெதியாக வரும். தெரிவுக்குப் பயன்படுத்திய புள்ளி முறையின் பிரதியையும் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் விண்ணப்பித்தவர்கள் எந்த இடத்தில் கழிகிறார்கள் என்பது அதில்தான் தெரியும்.

பெரும்பாலும் கழிவது காணியில்தான். வீட்டுக்கு முதல் காணி உறுதியோ பெர்மிட்டோ வேண்டும். அது இல்லாதவர் விண்ணப்பிக்கவே மாட்டார், ஆகவே மறுக்கப்பட்டவர் கணக்கிலும் வரமாட்டார். பொத்துவில் கனகர் கிராமத்துத் தமிழர், அட்டாளைச்சேனை அஷ்ரப் நகர் முஸ்லிம்கள், 2010 இல் துரத்தப்பட்ட பாணமைச் சனம், மூன்று பகுதியும் முதலில் காணிக்காகத்தான் போராட வேண்டியிருந்தது. காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் பிரச்சினை வேறு, அங்கே காணியே இல்லை. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தபோது அப்படி நெருக்கமான ஊர்கள்தான் முதலில் திணறின. அட்டவணையில் ‘காணி இல்லாததால் விண்ணப்பிக்காதவர்’ என்று ஒரு நிரல் போடுங்கள். அதை எந்தக் காரியாலயமும் நிரப்பித் தராது. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், பள்ளிவாசல், கோயில் நிர்வாகம் என்று ஆளாளிடம் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

முன்னேற்ற அறிக்கையில் பௌதீக முன்னேற்றம் (கட்டிய அளவு), நிதி முன்னேற்றம் (கொடுத்த காசு) என்று இரண்டு வீதம் இருக்கும். நிதி 80 வீதம் என்றால் வீடு 80 வீதம் முடிந்தது என்று எடுத்துவிடாதீர்கள். 2019 இல் ஆட்சி மாறியபோது மாதிரிக் கிராமங்களில் தவணை நின்று, கூரையில்லாமல் எத்தனை சுவர்கள் நின்றன என்று மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காசின் பெறுமதியும் ஓடிக்கொண்டே இருக்கும். இந்திய வீட்டுத்திட்டத்தில் கொடுத்தது 5,50,000 ரூபா, 2022 இல் ஒரு சீமெந்து மூட்டையே 3,000 ரூபாவைத் தாண்டியது. ஆகவே ‘முடிந்தது’ என்பதற்கு உங்கள் வரைவிலக்கணத்தைக் கடுமையாக வையுங்கள்: கூரை, கதவு, மலசலகூடம், கரண்ட், உள்ளே ஆள். ஐந்தும் இருந்தால்தான் ஒன்று.

இன்னொன்று, இனத்தை மட்டும் பார்த்தால் படுவான்கரை மறைந்துவிடும். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி மூன்றையும் ஒரு பக்கம் போட்டு, வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைத் தமிழ்ப் பிரிவுகளோடு ஒப்பிடுங்கள், ஒரே இனத்துக்குள்ளேயே எவ்வளவு தூரம் என்று தெரியும்.

கல்முனைக்காரருக்கு மட்டும்: கல்முனை, கல்முனை வடக்கு இரண்டையும் சில அறிக்கை சேர்த்துப் போடும், சில அறிக்கை பிரித்துப் போடும். எது எப்படி என்று ஒவ்வொரு வருடத்துக்கும் குறித்து வைக்காவிட்டால் ஒரே வருடத்தில் வீடுகள் இரட்டிப்பானது போலத் தெரியும், பிறகு வடக்கு தனிப் பிரதேச செயலகமா இல்லையா என்ற சர்ச்சைக்குள் உங்கள் அட்டவணையும் இழுபடும்.

போட்டு முடிந்ததும் பேஸ்புக்கில் ஏற்ற அவசரப்படாதீர்கள். பக்கத்துப் பிரிவில், மற்றச் சமூகத்து ஆள் ஒருவரிடம் முதலில் காட்டுங்கள், அவர் பிழை பிடிக்கத்தான் பார்ப்பார், அது நல்லது. அப்புறம் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு ஒரு கிழமை முன்பே உறுப்பினர்களுக்குப் பிரதி கொடுங்கள். கூட்டத்தன்று நீட்டினால் பைலுக்குள் போய்விடும், அடுத்த கூட்டம்வரை வெளியே வராது.