டாங்கியில் விழுந்த ஒடுக்கை, சாயம் கெடாமல் எடுக்கும் முறை

சென்ற டுரியான் பருவத்தில், பினாங்குத் தீவின் பின்புறமுள்ள பாலிக் பூலாவில் ஒரு தோட்டத்து ஓரமாக நிறுத்தியிருந்த என் யமாஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கிமீது ஒரு பழம் விழுந்தது. தோட்டக்காரர் ஓடிவந்து பழத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மகிழ்ந்தார். டாங்கியின் வலப்பக்கத் தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒடுக்கும், அதன் நடுவில் முள் குத்திய மூன்று புள்ளிகளும் இருந்தன. அதை வீட்டிலேயே எடுத்த முறையை, முதலில் நான் செய்த தவறுகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒடுக்கைப் பார்ப்பவர் கண்ணுக்குக் குழி மட்டுமே படும். ஆனால் தகடு உள்ளே போகும்போது, அதைச் சுற்றியிருக்கும் பகுதி சற்றே மேலெழும்பி, வயலைச் சுற்றிய வரப்பைப் போலக் குழியைச் சூழ்ந்து இறுகிவிடுகிறது. குழியை உள்ளேயே பிடித்து வைத்திருப்பது அந்த வரப்புதான். ஆகவே நடுவை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் அங்கே ஒரு கூர்மேடு முளைக்குமே தவிர ஒடுக்கு தீராது. வரப்பைத் தட்டித் தாழ்த்துவதும் பள்ளத்தை இழுத்து உயர்த்துவதும் மாறி மாறி, சிறிது சிறிதாக நடக்க வேண்டும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு வார இறுதிகள் மிச்சமாகியிருக்கும்.

வேலையைத் தொடங்குமுன், இந்த ஒடுக்கு வீட்டில் எடுக்கத் தக்கதுதானா என்பதை முடிவு செய்ய வேண்டும். பழம், பந்து, முழங்கால் போன்ற உருண்டையான பொருள் பட்டு விழுந்த ஒடுக்கு பெரும்பாலும் மென்மையான கிண்ணம் போலிருக்கும். சாயமும் விரிசல் விடாமல் இருக்கும். அது நல்ல ஒடுக்கு. வண்டி சாய்ந்து, திரும்பிய ஹேண்டில் டாங்கியில் இடித்து உண்டான ஒடுக்கில் கூரான மடிப்பு இருக்கும். மடிப்பில் தகடு நீண்டுவிடுவதால் முழுமையாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. டாங்கியின் அடியிலுள்ள பற்றுவைத்த ஓரத்தை ஒட்டி விழுந்த ஒடுக்கையும், சாயம் உடைந்து துரு தெரியும் ஒடுக்கையும் பட்டறைக்கே விட்டுவிடுவது நல்லது. டாங்கி எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். குளிர்பெட்டிக் கதவிலிருக்கும் காந்தம் ஒட்டினால் இரும்புத் தகடு. ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ, இக்காலத்து மோட்டார்கள் சிலவற்றில் உள்ளதுபோல் டாங்கியை மூடிய பிளாஸ்டிக் உறையாகவோ இருக்கும். ஒடுக்கு உள்ள இடத்தில் மட்டும் காந்தத்தின் பிடி தளர்ந்தால், முந்தைய உரிமையாளர் அங்கே ஏற்கெனவே புட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பூச்சு, பூசியிருக்கிறார் என்று பொருள். நம் ஊரில் கைமாறி வரும் பழைய ஆர்எக்ஸ்இசட் டாங்கிகளில் இது அரிதன்று. இஎக்ஸ்5, ஒய்15 போன்ற கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு டாங்கி இருக்கைக்கு அடியில் இருப்பதால் இந்தக் கவலையே இல்லை.

இனி எண்ணெயை, அதாவது டாங்கியிலுள்ள பெட்ரோலைப் பற்றி. இதில் அவசரமே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே பறந்துபோகாமல் தரையோடு ஊர்ந்து சென்று, சில அடிகளுக்கு அப்பால் இருக்கும் நெருப்பையும் எட்டும். சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும் பொருள் அது. பினாங்கின் வெயிலில் அது என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காற்றில் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதுதான் அது பற்றும். நிறைந்த டாங்கிக்குள் ஆவி மிக அடர்த்தியாகவும் காற்று குறைவாகவும் இருக்கும். எண்ணெயை ஊற்றிவிட்டுக் காலியாக வைத்த டாங்கிக்குள்தான் ஆவியும் காற்றும் வெடிக்கும் அளவில் கலக்கின்றன. ஆகவே, காலி டாங்கியில் என்ன ஆபத்து என்று எண்ணுபவர் தலைகீழாக எண்ணுகிறார்.

டாங்கியைக் கழற்றும் வேலையை வீட்டு முன்கூடத்தில் வைத்துக்கொள்ளாமல் திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். சாமி அறை விளக்கும், வெள்ளிக்கிழமை மாலைச் சாம்பிராணியும், அடுப்படியின் கேஸ் தோம்பும் (சிலிண்டரும்) அருகில் இருக்கக் கூடாது. பழைய வண்டியில் எண்ணெய்க் குழாயின் திருகை மூடி, இருக்கையைக் கழற்றி, பின்பக்கத்து போல்ட்டை எடுத்து, குழாயை உருவினால் டாங்கி பின்பக்கமாக நகர்ந்து வந்துவிடும். எண்ணெய்ப் பம்ப் டாங்கிக்குள்ளேயே இருக்கும் இன்ஜெக்ஷன் மோட்டார்களில், பம்பின் மின்இணைப்பை முதலில் பிடுங்கிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் குழாயிலுள்ள அழுத்தம் தணியும். எண்ணெயை மூடியுள்ள கேனில் ஊற்றித் தொலைவில் வையுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பும் சுடுநீரும் விட்டுக் குலுக்கி, வாசனை அடங்கும்வரை மூன்று நான்கு முறை கழுவ வேண்டும். முதல் இரண்டு முறை கழுவிய நீரைச் சாக்கடையில் கொட்டாமல், கழிவெண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். கழுவிய டாங்கியைக் கவிழ்த்துக் காயவிடுங்கள். நம் காற்றின் ஈரத்தில் வெற்றுத் தகடு ஒரே இரவில் செம்மை பூத்துவிடும் என்பதால், வேலை இரண்டு நாள் இழுக்குமானால், நன்றாகக் காய்ந்த பிறகு டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு விடும் 2டி எண்ணெயைச் சிறிது உள்ளே விட்டுச் சுழற்றி வையுங்கள்.

அடுத்தது ஒடுக்கைப் படிப்பது. எங்கள் வீட்டுத் தெருமுனைக் கடையின் அஞ்சடியில் (முன்நடைபாதையில்) நீளமான குழல்விளக்கு ஒன்று எரிகிறது. டாங்கியை அதன்கீழே கொண்டுபோய் வைத்தபோதுதான் எனக்கு உண்மை விளங்கியது. நல்ல தகட்டில் விளக்கின் பிம்பம் நேர்க்கோடாக ஓடுகிறது. பள்ளத்தில் நுழையும்போது கோடு விரிந்து வளைகிறது. வரப்பின்மேல் ஏறும்போது மெலிந்து குறுகுகிறது. டாங்கியை மெல்லத் திருப்பித் திருப்பி, கோடு குறுகும் இடங்களை அழியக்கூடிய பேனாவால் புள்ளியிட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் பார்த்தால் வரப்பு வட்டமாக இல்லை. டாங்கியின் மேல்வளைவை நோக்கிய பக்கத்தில் பிறைநிலா போல உயரமாகவும், கீழ்ப்பக்கத்தில் இல்லாததுபோலவும் இருந்தது. எங்கே தட்ட வேண்டும் என்பதை அந்தப் பிறையே காட்டிக்கொடுத்தது.

கருவிகள் அதிகமில்லை. பசையை உருக்கி இடும் க்ளூ கன், ஒடுக்கு எடுப்பதற்கென்றே விற்கும் பசைக்குச்சிகள், காளான் வடிவப் பிளாஸ்டிக் குமிழ்கள் சில அளவுகளில், இழுப்பதற்குக் கால்களும் திருகும் உள்ள ஒரு சிறு பாலம் அல்லது தண்டில் சறுக்கும் எடையால் இழுக்கும் ஸ்லைட் ஹேமர், முனை மழுங்கிய பிளாஸ்டிக் தட்டுகோல், சிறு சுத்தியல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஆகியவை போதும். கைவினைக்கு வாங்கும் பசைக்குச்சி இதற்கு உதவாது. இழுத்த கணத்தில் நூலாக நீண்டு விட்டுவிடும். நான் செய்த முதல் தவறு அதுவே.

மெழுகும் கைவியர்வையும் போகுமாறு ஒடுக்கை ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். டாங்கி நிழலில் இருந்து குளிர்ந்திருக்க வேண்டும். வெயிலில் கிடந்த தகட்டில் பசை இறுகாமல் மெத்தென்று நின்றுவிடும். இது நான் செய்த இரண்டாவது தவறு. குமிழின் அடியில் பசையைத் தாராளமாக இட்டு, தகட்டோடு வைத்து, அழுத்தி நசுக்காமல், இரண்டு மில்லிமீட்டர் பசைப்படுகை நிற்குமாறு பிடித்துக்கொள்ளுங்கள். குழி பெரியதானால் முதல் குமிழை நடுவில் ஒட்டாமல் பள்ளத்தின் ஓரச்சரிவில் ஒட்டுங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வட்டமிட்டு வருவதே முறை. பசை கைச்சூட்டுக்கு இறங்கியதும், பாலத்தின் கால்களை ஒடுக்குக்கு வெளியே நல்ல தகட்டில் ஊன்றி, திருகை மெல்ல முறுக்குங்கள். குமிழ் இழுபட்டு நிற்கும் அந்த நேரத்திலேயே, பிறைபோலிருந்த வரப்பின்மேல் தட்டுகோலை வைத்துச் சுத்தியலால் இலேசாகத் தட்டுங்கள். பலமான ஓர் அடியைவிட இருபது சிறு தட்டுகள் மேல். தட்டத் தட்ட ஓசை மாறுவதைக் கேட்கலாம். இறுக்கத்தில் இருக்கும் தகடு கணீரென்று ஒலிக்கும், தளரும்போது ஒலி மங்கும்.

குமிழ் விட்டதும் பசையின் ஓரத்தில் ஆல்கஹால் சொட்டுவிட்டு அரை நிமிடம் காத்திருந்தால் பசை முழுத் துண்டாக எழுந்து வரும். நகத்தால் நோண்ட வேண்டாம். உடனே விளக்கின்கீழ் பார்த்து, புள்ளிகளைத் திருத்தி, அடுத்த குமிழை வேறிடத்தில் ஒட்டுங்கள். என் டாங்கிக்கு இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட இழுப்புகள் ஆயின. முள் குத்திய புள்ளிகளின்மேல் ஒருமுறைகூடப் பசை இடவில்லை, ஏனெனில் சாயம் உடைந்த விளிம்பைப் பசை பற்றிக்கொண்டால் அதையும் உரித்துக்கொண்டே வரும். தொழிற்சாலைச் சாயம் இந்த இழுப்புகளைத் தாங்கும். தெருமுனைப் பட்டறையில் மறுபூச்சு கண்ட சாயம் தாங்கும் என்று சொல்ல முடியாது. பிறகு வருந்தாமல் இருக்க, அதை முன்பே ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

குறுக்குவழிகள் பலவற்றைக் காட்டுவார்கள். ஹேர் டிரையரால் சூடாக்கி உடனே உலர்பனி வைத்தால் ஒடுக்கு துள்ளி வெளியே வரும் என்பார்கள். இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 12 மைக்ரோமீட்டர் அளவே விரியும். பத்து சென்டிமீட்டர் ஒடுக்கை 60 டிகிரி சூடாக்கினாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட நீளாது. பிளாஸ்டிக் உறைக்குச் சுடுநீர் வேலை செய்யும். வளைந்த இரும்புத் தகட்டுக்குச் செய்யாது. நான் ஒரு மாலை முழுவதும் முயன்றதில் ஹேர் டிரையர்தான் சூடேறி நின்றுபோனது. டாங்கியின் வாயை அடைத்துக் காற்றடிப்பதும், நீர் நிரப்பி உறைய வைப்பதும் இதைவிடக் கேடு. ஒடுக்கு அசைவதற்கு முன்னால், சட்டத்தின்மேல் உட்காரும் அடிப்பள்ளம் பிதுங்கி, ஓரப் பற்றுகள் கசியத் தொடங்கும். தகட்டின்மேல் ஆணி பற்றவைத்து இழுக்கும் முறையோ நல்ல முறைதான். ஆனால் பெட்ரோல் கண்ட டாங்கியில் பற்றவைப்பது, உள்ளே ஆவி நீக்கி மந்தவாயு நிரப்பத் தெரிந்த பட்டறையின் வேலை.

எவ்வளவு இழுத்தும் விரலுக்குத் தெரியாமல் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஒரு நிழல் எஞ்சலாம். அங்கேயே நிறுத்திக்கொள்வதுதான் என் கருத்து. மடிப்பு விழுந்த ஒடுக்காக இருந்து, புட்டி பூசியே ஆக வேண்டுமென்றால், முதலில் இழுத்து இயன்றவரை உயர்த்திவிட்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாமல் பூசுங்கள். 80 எண் மணல்தாளால் தகடு தெரியத் தேய்த்துப் பூசி, 180, 320 என்று மென்மையான தாள்களுக்கு மாறி வந்து, ப்ரைமர் அடித்து, 600 எண் தாளால் நீர்விட்டுத் தேய்ப்பது வழக்கமான வரிசை. நம் வெப்பத்தில் புட்டி விரைவாக இறுகும் என்பதால் ஒரு கரண்டி அளவு மட்டுமே குழைத்துக்கொள்ளுங்கள். மேல்பூச்சில் மட்டும் சிக்கனம் வேண்டாம். சாதாரண ஸ்பிரே கேனின் மினுக்குப்பூச்சு, எண்ணெய் நிலையத்தில் ஒரு துளி பெட்ரோல் சிந்தினாலே குழைந்துவிடும். கடினமூட்டி கலந்த 2கே பூச்சே தாங்கும். அதன் புகை நுரையீரலுக்குக் கேடு என்பதால், அதற்குரிய வடிகட்டி முகமூடி இல்லாமல் அடிக்கக் கூடாது. மழை இருட்டும் பிற்பகலில் அடித்தால் பூச்சு பால்போல் வெளுக்கும். டாங்கியோடு மோட்டாரின் நிறத்தையே மாற்ற நினைப்பவர்கள் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் அதைப் பதிவு செய்ய வேண்டும்.

டாங்கியைப் பொருத்துமுன், மூடியின் ரப்பர், திருகின் வளையம், குழாயின் கவ்வி ஆகியவற்றைப் பாருங்கள். பழையவை கழற்றும்போதே விரிசல் விட்டிருக்கும். உள்ளே நீர் துளிகூட இல்லாமல் காய்ந்த பிறகு, ஒரு லிட்டர் பெட்ரோல் விட்டுச் சுழற்றி அதை எடுத்துவிட்டு, புதிய எண்ணெயை ஊற்றுங்கள். அன்றிரவு டாங்கிக்கு நேர்கீழே தரையில் ஒரு நாளிதழை விரித்து, காற்றோட்டமான இடத்தில் மோட்டாரை நிறுத்தி வையுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் வண்டியை எடுக்கலாம். ஈரவட்டம் தெரிந்தால், அது எந்த இடத்துக்கு நேர்கீழே விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்து, திருகிலிருந்து தொடங்கி மேலே தேடிக்கொண்டு போங்கள்.