தண்ணீர்த் தொட்டியின் உயரமும் ஒரு கூட்டுத் தொடர்வரிசையும்

பத்தாம் வகுப்புக் கணக்கில் தொடர்வரிசை இரண்டாம் பாடம், முக்கோணவியல் ஆறாம் பாடம். நடுவில் மூன்று பாடங்கள். முக்கோணவியலைத் தொடும்போது பொது வித்தியாசம் என்றால் என்ன என்பதே பாதிப் பேருக்கு மறந்திருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பாடங்கள் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மாலை நேரத்தில் பத்து, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஒரு சனிக்கிழமை அவர்களோடு சேர்ந்து ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உயரத்தை அளந்தோம். கயிறு கட்டவில்லை, யாரும் மேலே ஏறவில்லை, தொட்டியின் அடிக்குக்கூடப் போகவில்லை. அன்றைக்கு இரண்டு பாடமும் ஒரே தாளில் வந்து சேர்ந்தன. அதை அப்படியே படிப்படியாக எழுதுகிறேன். நீங்களும் செய்து பாருங்கள்.

தேவையான அடிப்படை கொஞ்சம்தான். செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் டேன். தொட்டிக்கு இதைப் பொருத்தினால் எதிர்ப்பக்கம் தொட்டியின் உயரம், அடுத்துள்ள பக்கம் நாம் நிற்கும் தூரம். இந்த வகுத்தலைத் தலைகீழாக்கினால் காட்: தூரத்தை உயரத்தால் வகுப்பது. தொடர்வரிசையில் ஒன்றே ஒன்று போதும். 3, 7, 11, 15 என்று ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் அது கூட்டுத் தொடர்வரிசை, கூட்டுகிற அந்த எண் பொது வித்தியாசம்.

சரி, நேரடியாக அளந்தால் என்ன? ஏற்றக்கோணம், அதாவது நேர்மட்டத்திலிருந்து பார்வை மேலே நிமிரும் கோணம், 45 பாகை வரும் இடத்தில் நின்றால் தூரமும் உயரமும் சமம், ஒரே அளவில் வேலை முடிந்துவிடும். ஆனால் அதற்குத் தொட்டியின் உச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளி வரை டேப் பிடிக்க வேண்டும். எங்கள் தொட்டியைச் சுற்றிக் கம்பிவேலி இருக்கிறது, கேட்டில் பூட்டு தொங்குகிறது. நாங்கள் குறிவைத்தது தொட்டியின் நடுவே நிற்கும் இடிதாங்கிக் கம்பியின் நுனியை. அதற்கு நேர் கீழே உள்ள இடம் தூண்களுக்கு நடுவில் எங்கோ இருக்கிறது. மலை உச்சியை அளக்கப் போனாலும் இதே சிக்கல்தான், அடிப்புள்ளி பாறைக்குள் புதைந்திருக்கும். அதனால் அடிப்புள்ளியே தேவைப்படாத ஒரு வழி வேண்டும்.

கருவி செய்வது

ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானி, இளநீர்க் கடையில் கிடைக்கும் ஒரு ஸ்ட்ரா, ஒரு முழம் நூல், சைக்கிள் கடையில் கேட்டால் சும்மா தரும் ஒரு நட்டு. கோணமானியின் நேர்விளிம்பு மேலே இருக்கும்படி பிடித்து, அந்த விளிம்பை ஒட்டி ஸ்ட்ராவை டேப் போட்டு ஒட்டுங்கள். கோணமானியின் மையத்தில் நூலைக் கட்டி, நூல் முனையில் நட்டைத் தொங்க விடுங்கள். ஸ்ட்ரா வழியாகப் பார்க்க வேண்டும், நூல் எந்த எண்ணைத் தொடுகிறது என்பதைப் பக்கத்தில் நிற்பவர் படிக்க வேண்டும். இரண்டு பேர் வேலை இது. தனியாகச் செய்தால் எண்ணைப் படிக்கத் தலையைத் திருப்பும்போதே கருவி ஆடிவிடும்.

ஸ்ட்ரா நேர்மட்டமாக இருந்தால் நூல் 90இல் நிற்கும். மேலே நிமிர்த்தினால் எத்தனை பாகை நிமிர்த்துகிறோமோ அத்தனை பாகை நூல் 90ஐ விட்டு விலகும். அதாவது ஏற்றக்கோணம் 30 என்றால் நூல் 60ஐக் காட்டும். கோணமானியில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும், அவற்றில் 90க்குக் குறைவாக வருவதைப் படியுங்கள்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் 90இலிருந்து கழித்து ஏற்றக்கோணத்தை எழுதிக்கொள்வார்கள். நமக்கு அது வேண்டாம். 90லிருந்து கழித்துக் கிடைக்கும் கோணத்தின் டேன், பழைய கோணத்தின் காட். இந்த நிரப்புக்கோண விதியை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். நமக்கு வேண்டியது காட். கால்குலேட்டரில் காட் பொத்தான் கிடையாது, ஆனால் நூல் காட்டும் எண்ணுக்கு அப்படியே டேன் போட்டால் ஏற்றக்கோணத்தின் காட் கிடைத்துவிடுகிறது. மனப்பாடம் செய்த ஒரு விதி கையில் இருக்கும் ஒரு நூலில் தெரிவது எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

ஆடி மாதத்தில் இதைச் செய்யாதீர்கள், காற்றில் நூல் நிற்கவே நிற்காது. சூரியன் இருக்கும் திசையில் ஸ்ட்ராவை நீட்டவும் கூடாது, கண் கெட்டுப்போகும். தொட்டிக்குப் பின்னால் சூரியன் இருந்தால் அடுத்த நாள் வேறு நேரத்தில் வாருங்கள்.

அளப்பது

தொட்டியை நோக்கி நேராகப் போகும் சமமான தெருவாகப் பார்த்து, வேலிக்குச் சற்று வெளியே சாக்பீஸால் முதல் கோடு போட்டோம். அந்தக் கோட்டுக்கும் தொட்டிக்கும் எவ்வளவு தூரம் என்று அளக்கவில்லை. அங்கிருந்து தொட்டிக்கு எதிர்த்திசையில் 5 மீட்டருக்கு ஒரு கோடாக மொத்தம் ஐந்து கோடுகள். ஒரே பையன் ஐந்து கோட்டிலும் நின்று இடிதாங்கியின் நுனியைப் பார்த்தான். ஆள் மாறினால் கண்ணின் உயரம் மாறிவிடும், அதனால் ஒரே ஆள். அவன் கண் தரையிலிருந்து 1.4 மீட்டர்.

நூல் காட்டிய எண்கள் இவை: 40.5, 50.5, 57.5, 62.5, 66.5. அரைப் பாகையைக் கண் மதிப்பில்தான் படித்தோம்.

எழுதி முடித்ததும் பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. "சார், நாம சமமாத்தானே நகர்ந்தோம்? எண்ணு பத்து, ஏழு, அஞ்சு, நாலுன்னு ஏறுது. தப்பா அளந்துட்டோம் போல." கூட்டுத் தொடர்வரிசையாகத் தெரியவில்லை. ஒரே எண்ணால் பெருக்கிக்கொண்டே போகும் பெருக்குத் தொடர்வரிசையா என்று அடுத்தடுத்த எண்களை வகுத்துப் பார்த்தார்கள், விகிதமும் ஒன்றாக வரவில்லை.

தப்பு ஒன்றுமில்லை. கோணம் அப்படித்தான் போகும். ஒவ்வொன்றுக்கும் டேன் போடச் சொன்னேன்.

0.8541, 1.2131, 1.5697, 1.9210, 2.2998.

பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்தால் 0.3590, 0.3566, 0.3513, 0.3788. கையால் செய்த கருவி, அரைப் பாகைக் கணிப்பு, அப்படியிருந்தும் நான்கு வித்தியாசமும் 0.36ஐச் சுற்றியே நிற்கின்றன. தாறுமாறாகத் தெரிந்த கோணங்களுக்குள் ஒரு கூட்டுத் தொடர்வரிசை ஒளிந்திருந்தது.

ஏன் இப்படி வருகிறது? காட் என்பது தூரத்தை உயரத்தால் வகுத்தது. நாம் நின்ற தூரங்கள் 5 மீட்டர் பொது வித்தியாசம் கொண்ட கூட்டுத் தொடர்வரிசை. முதல் உறுப்பு நமக்குத் தெரியாது, ஆனால் வரிசை கூட்டு வரிசைதான். தொட்டியின் உயரம் மாறுவதில்லை. கூட்டுத் தொடர்வரிசையின் எல்லா உறுப்புகளையும் ஒரே எண்ணால் வகுத்தால் கிடைப்பதும் கூட்டுத் தொடர்வரிசையே, பொது வித்தியாசமும் அதே எண்ணால் வகுபடும். இது இரண்டாம் பாடத்தில் வருகிற பண்பு. ஆக நம் பட்டியலின் பொது வித்தியாசம் 5ஐ உயரத்தால் வகுத்தது. அதைத் திருப்பிப் போட்டால்:

உயரம் = நகர்ந்த தூரம் ÷ பொது வித்தியாசம்.

அடிப்புள்ளி எங்கே என்ற கேள்வியே எழவில்லை பாருங்கள்.

எந்த வித்தியாசத்தை எடுப்பது?

நான்கு வித்தியாசம் கிடைத்திருக்கிறது, நான்கும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. மூன்றாவதை எடுத்தால் உயரம் 14.23 மீட்டர், நான்காவதை எடுத்தால் 13.20. ஒரு மீட்டர் இடிக்கிறது. சராசரி எடுக்கலாம் என்று உடனே தோன்றும், பிள்ளைகளும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் கவனியுங்கள். நான்கு வித்தியாசங்களையும் கூட்டும்போது நடுவில் உள்ள எண்கள் ஒரு முறை கூட்டப்பட்டு, ஒரு முறை கழிக்கப்பட்டு மறைந்துவிடும். மிஞ்சுவது கடைசி எண்ணும் முதல் எண்ணும் மட்டும். (2.2998 − 0.8541) ÷ 4 = 0.3614. நடுவில் மூன்று இடத்தில் வெயிலில் நின்று அளந்ததெல்லாம் இந்தச் சராசரிக்குள் வரவே இல்லை.

இதைவிட நல்ல வழி, தள்ளியிருக்கும் எண்களை ஜோடி சேர்ப்பது. நான்காவதிலிருந்து முதலாவதைக் கழித்து 3ஆல் வகுத்தால் 0.3556. ஐந்தாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து 3ஆல் வகுத்தால் 0.3622. இரண்டின் சராசரி 0.3589. நான்கு அளவுகள் கணக்குக்குள் வந்துவிட்டன, ஒவ்வொரு பிழையும் மூன்றால் வகுபட்டுச் சிறுத்தும் விட்டது.

5 ÷ 0.3589 = 13.93 மீட்டர். இது பையனின் கண்மட்டத்துக்கு மேலே உள்ள உயரம். 1.4ஐக் கூட்டினால் 15.33. அரைப் பாகைக் கருவிக்குத் தசமத்தில் இரண்டாம் இடம் எல்லாம் பெருமைக்குத்தான், சுமார் 15.3 மீட்டர் என்று எழுதுவதே நேர்மை. கண் உயரத்தைக் கூட்ட மறப்பது எல்லாரும் செய்யும் தவறு. தேர்வில் அதைக் கொடுக்காமலே கேட்டுவிடுவதால் வந்த பழக்கம்.

முதல் உறுப்பும் வீணில்லை. 0.8541ஐ 13.93ஆல் பெருக்கினால் 11.9. முதல் சாக்பீஸ் கோட்டிலிருந்து இடிதாங்கிக்கு நேர் கீழே உள்ள இடம் வரை சுமார் 11.9 மீட்டர், பூட்டைத் திறக்காமலே.

தள்ளித் தள்ளிப் போனால் இன்னும் துல்லியம் கூடுமா என்று ஒரு மாணவி கேட்டாள். ஓரளவுக்குத்தான். முதல் கோட்டில் அரைப் பாகை தவறாகப் படித்தால் டேன் மதிப்பு சுமார் 0.015 மாறும். ஐந்தாவது கோட்டில் அதே அரைப் பாகைக்கு 0.054 மாறுகிறது, மூன்றரை மடங்கு. கடைசி வித்தியாசம் மட்டும் 0.3788 என்று துருத்திக்கொண்டு நின்றதற்கு அதுதான் காரணம். நூல் 70ஐத் தாண்டினால் அந்த அளவை நான் நம்புவதில்லை.

இன்னொன்று: போன் கால்குலேட்டரில் முதலில் டேன் 45 போடுங்கள். 1 வந்தால் சரி. 1.6198 வந்தால் அது ரேடியனில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள்.

தேர்வுக் கணக்குக்கு இது உதவுமா?

நன்றாகவே உதவும். 'ஒரு கோபுரத்தை விட்டு 40 மீட்டர் விலகினால் ஏற்றக்கோணம் 60 பாகையிலிருந்து 30 ஆகிறது, உயரம் காண்க' என்று வரும். இரண்டு முக்கோணம் வரைந்து, இரண்டு சமன்பாடு எழுதி, ஒன்றை மற்றொன்றில் பிரதியிட்டு ஒரு பக்கம் போகும். படம் கட்டாயம் வரையுங்கள், மதிப்பெண் அதற்கும் உண்டு. ஆனால் விடையை இப்படிச் சரிபார்க்கலாம்: காட் 30 = √3, காட் 60 = 1/√3, வித்தியாசம் 2/√3. 40ஐ அதால் வகுத்தால் 20√3, சுமார் 34.64 மீட்டர். இரண்டே உறுப்புள்ள தொடர்வரிசை, அவ்வளவுதான்.

காட் 60, காட் 45, காட் 30 மூன்றையும் வரிசையாக எழுதிப் பாருங்கள்: 1/√3, 1, √3. இது பெருக்குத் தொடர்வரிசை, பொது விகிதம் √3. கோணம் பதினைந்து பதினைந்தாகக் கூட்டு வரிசையில் இறங்க, தூரம் பெருக்கு வரிசையில் ஏறுகிறது. 30 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு 17.32, 30, 51.96 மீட்டர். அடுத்து 15 பாகைக்கு 90 மீட்டர் என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள், உண்மையில் அது 111.96. மூன்று உறுப்பு ஒத்துப்போவதை வைத்து நான்காவதை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு கோணத்தை ஆளும் இந்த வழி நம் நாட்டில் மிகப் பழையது. சைன் என்பது எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுப்பது. கி.பி. 476இல் பிறந்த ஆரியபட்டர் சைன் பட்டியலைத் தந்தபோது சைன் மதிப்புகளைத் தரவில்லை, அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசங்களைத் தந்தார். மூன்றே முக்கால் பாகைக்கு ஒன்றாக 24 எண்கள்: 225, 224, 222, 219, 215, 210, 205, 199 என்று குறைந்துகொண்டே போகும். சைனை வட்டத்தின் ஆரத்தால் பெருக்கிய கணக்கு இது, அந்த ஆரம் அவருக்கு 3438. மேலே உள்ள எட்டு எண்களையும் கூட்டிப் பாருங்கள், 1719 வரும். 3438இல் சரிபாதி. எட்டு மூன்றே முக்கால் 30 பாகை, சைன் 30 என்பது அரை.

நீங்களே செய்ய ஒரு கணக்கு. மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் அங்குள்ள கோபுரங்களில் உயரமானது, சுமார் 52 மீட்டர், அதாவது 170 அடி. அந்த அளவுள்ள ஒரு கோபுரத்துக்கு 10 மீட்டர் இடைவெளியில் நூல் 45, 50, 54.5, 58 காட்டியதாக நானே எண்களை அமைத்திருக்கிறேன். கண் உயரம் 1.5 மீட்டர். டேன் மதிப்புகள் 1, 1.1918, 1.4019, 1.6003. கடைசியிலிருந்து முதலாவதைக் கழித்து 3ஆல் வகுத்தால் 0.2001, உயரம் 49.97, கண்ணையும் சேர்த்து 51.5 அருகில். மற்ற ஜோடிகளை எடுத்து எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

அதற்கப்புறம் ஒத்தக்கடைப் பக்கம் இருப்பவர்கள் யானைமலையை அளக்கலாம். அதற்கு 5 மீட்டர் இடைவெளி போதாது, மலைக்கு முன்னால் 5 மீட்டர் நகர்ந்தால் நூல் அசைந்ததே தெரியாது. ஒவ்வொரு முறை நகரும்போதும் நூல் குறைந்தது நான்கைந்து பாகையாவது நகர வேண்டும், அதற்கேற்ற இடைவெளியை முதலில் நடந்து பார்த்துக் கண்டுபிடியுங்கள். வயல்வெளியில் மேடு பள்ளம் இல்லாத நேர்ப்பாதையாகத் தேர்ந்தெடுங்கள். டேப்புக்குப் பதில் 20 மீட்டர் கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துப் போனால் வேலை சீக்கிரம் முடியும்.