பிராண்டு உருவாக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிராண்டு உருவாக்கும் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சில ஆண்டுகளாகப் பயிற்சி அளித்துவருகிறேன். அவர்கள் கொண்டுவரும் திட்டங்களைப் படிக்கும்போது, தொடக்கக் காலத்தில் நான் செய்த அதே பிழைகளைக் காண்கிறேன். பெயரைப் பதிவு செய்யாமல் விடுவது, உச்சரிக்க முடியாத பெயரைச் சூட்டுவது போன்றவற்றை எவரும் விரைவில் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

லோகோவையே பிராண்டு என்று எண்ணுதல்

பிராண்டு என்பது ஒரு பெயரைக் கேட்டவுடன் வாங்குபவர் மனத்தில் எழும் அனுபவங்களும் எதிர்பார்ப்புகளும் ஆகும்; லோகோ அவற்றை நினைவூட்டும் அடையாளம் மட்டுமே. எல்லாப் பொருள்களையும் ஒப்பிட்டு மிகச் சிறந்ததைத் தேடும் பொறுமை எவருக்கும் இல்லை. தேவைக்குப் போதுமானது கிடைத்தவுடன் மனிதர்கள் தேடலை நிறுத்திக்கொள்கிறார்கள் என்று பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1950களிலேயே விளக்கியிருக்கிறார். ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்பதே அதன்மீது விருப்பத்தை வளர்க்கிறது என்பதை உளவியலாளர் ராபர்ட் சயன்ஸ் 1968இல் சோதனைகளால் காட்டினார். ஏமாற மாட்டோம் என்ற நிம்மதியும் எளிதில் கண்டுகொள்ளும் வசதியுமே பெரும்பாலான அன்றாடக் கொள்முதல்களைத் தீர்மானிக்கின்றன.

போட்டியாளரைப் போலத் தோற்றமளித்தல்

வேண்டாம், உங்கள் விளம்பரச் செலவில் அவருடைய பொருள் விற்கும்.

பழகிய தோற்றத்தை அலுப்பினால் மாற்றுதல்

பல ஆண்டுகளுக்கு முன், வீட்டுத் துப்புரவுப் பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் குழுவில் நான் இருந்தேன். நீல உறையும் மஞ்சள் மூடியும் கொண்ட அதன் பேக்கிங்கை நாள்தோறும் பார்த்துப் பார்த்து எங்களுக்குச் சலித்துவிட்டது. வெள்ளைப் பின்னணியும் மெல்லிய எழுத்தும் நவீனமாக இருக்கும் என்று வாதாடியவர்களுள் நானும் ஒருவன். புதிய சரக்கு கடைகளுக்குச் சென்ற முதல் மாதத்திலேயே, இது போலியா என்று வாங்குபவர்கள் கேட்பதாக விநியோகஸ்தர்கள் தெரிவித்தார்கள். கேட்டவர்களாவது எங்களைத் தேடினார்கள். மற்றவர்களோ மஞ்சள் மூடி கண்ணில் படாததால், பக்கத்தில் இருந்த வேறொன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பழைய பேக்கிங்கை மீண்டும் அச்சிட ஆன செலவைக் கணக்கிட முடிந்தது. அப்படிப் போனவர்களுள் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பதைக் கணக்கிடவே முடியவில்லை.

பெரிய நிறுவனங்களும் இதிலிருந்து தப்பவில்லை. 2009 ஜனவரியில் பழச்சாறு நிறுவனமான டிராபிகானா, உறிஞ்சுகுழல் செருகிய ஆரஞ்சுப் பழப் படத்தைத் தன் அட்டைப்பெட்டியிலிருந்து நீக்கிவிட்டுக் கண்ணாடிக் குவளையின் படத்தைப் போட்டது. உள்ளே இருந்த சாறு மாறவில்லை. ஆயினும் இரண்டு மாதங்களுக்குள் விற்பனை ஏறத்தாழ 20 சதவீதம் சரிந்ததால், பழைய பெட்டிக்கே திரும்புவதாக அந்நிறுவனம் பிப்ரவரியில் அறிவித்தது.

உங்கள் பேக்கிங்கை நீங்கள் ஒரே நாளில் நூறு முறை பார்க்கிறீர்கள். வாங்குபவரோ ஆண்டில் சில முறை, அதுவும் சில நொடிகள் மட்டுமே பார்க்கிறார். உங்களுக்கு அலுத்துப்போகும் வேளையில்தான் அவருக்கு அது பழகத் தொடங்கியிருக்கும். புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் தங்கள் வருகையை அறிவிப்பதற்காகவே தோற்றத்தை மாற்றுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, ஏனெனில் அவர்களுக்கு முன் இருந்தவர்கள் பல ஆண்டுகள் செலவழித்து மக்கள் நினைவில் பதித்ததை அவர்கள் ஒரே கூட்டத்தில் அழித்துவிடுகிறார்கள்.

மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், முதலில் பெயரை மறைத்துவிட்டுப் பேக்கிங்கை வாங்குபவர்களிடம் காட்டுங்கள். நிறம், வடிவம், படம் ஆகியவற்றுள் எதை வைத்து அவர்கள் கண்டுபிடிக்கிறார்களோ, அதைத் தொடாதீர்கள். மற்றவற்றையும் ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள்.

ஒரே நேரத்தில் பல வாக்குறுதிகள் அளித்தல்

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சுவைச் சோதனையை மட்டும் நம்புதல்

1985 ஏப்ரலில் கோகோ கோலா தன் பானத்தின் சுவையை மாற்றியது. அதற்கு முன் ஏறத்தாழ 2 லட்சம் பேரிடம் சோதனை நடத்தப்பட்டிருந்தது; பெரும்பாலானோர் புதிய சுவையையே விரும்பினார்கள். ஆயினும் எதிர்ப்புக் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் குவிந்ததால், 79 நாட்களில் பழைய பானம் மீண்டும் வந்தது. ஒரு வாய் அருந்தியவர் நாவால் பதில் சொன்னார். அந்தப் பெயரோடு அவருக்கிருந்த பழக்கத்தைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் கூறவில்லை. எனவே அடுத்த முறை ஆய்வுக்கான வினாக்களைத் தயாரிக்கும்போது, எது பிடித்திருக்கிறது என்பதோடு, இப்போதுள்ளது இனிக் கிடைக்காது என்றால் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.