லோ பண்ணின காருக்கு உயரம், கேம்பர், டோ: வாசலிலேயே அளந்து சரிசெய்யும் முறை

லோயரிங் ஸ்பிரிங்கோ (வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்) காயிலோவரோ (மரை வளையத்தால் உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் செட்) மாட்டின கையோடு அலைன்மென்ட் கடைக்கு ஓட்டிப் போவதுதான் பலருடைய பழக்கம். பத்து நாளில் ஸ்டீயரிங் மறுபடி கோணலாகும், கொஞ்ச மாதத்தில் முன் டயரின் உள்விளிம்பு வழுவழுவென்று தேயும். மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லைங்க. ஸ்பிரிங் உட்காரும் முன்பே அளந்ததுதான் கோளாறு. முதலில் உயரம், அடுத்து கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்), கடைசியில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு). இந்த வரிசை மாறக் கூடாது.

இங்கே சொல்வது முன்னால் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) பின்னால் டார்ஷன் பீமும் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) உள்ள ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி வண்டிகளுக்கு. 30 மி.மீ.க்கு மேல் இறக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பொள்ளாச்சிப் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கும் வேகத்தடைகளில் நாலு பேரோடு ஏறி இறங்க வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துக்கொண்டே ஏறும்போது டயர் லைனரில் (மட்கார்டின் உள் உறை) உரசும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் முன்பே கேட்டுக்கொள்ளுங்க.

தரை மட்டம்

சக்கரம் நிற்கும் நாலு இடமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். தாழ்ந்த இடத்தில் தரை ஓடு வைத்து ஏற்றிக்கொள்ளுங்க. டயர் காற்று கம்பெனி சொன்ன அளவில், இடமும் வலமும் ஒன்றாக இருக்கட்டும். டிக்கியைக் காலி செய்து, பாதி டேங்க் பெட்ரோலோடு நிறுத்துங்க.

உயரம்

தரையிலிருந்து அளக்காதீங்க, டயர் தேய்மானம் கணக்கைக் கெடுக்கும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து நாலு எண்ணையும் எழுதி வையுங்க. ஜாக்கியிலிருந்து இறக்கினதும் அளந்தால் உயரம் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் சக்கரம் உள்வாங்கியபடியே நிற்கும். நாலைந்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, நாலு மூலையையும் அமுக்கி விட்டுத்தான் ஸ்கேலைப் பிடிக்க வேண்டும்.

காயிலோவர் என்றால் மரையில் ஒட்டிய செம்மண்ணை பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் விட்டபின் வளையத்தைத் திருப்புங்க. சுத்தியலால் தட்டினால் அலுமினிய மரை போய்விடும். அடி பிராக்கெட் தனியாக ஏறி இறங்கும் வகை காயிலோவர் என்றால் உயரத்தை அதில்தான் மாற்ற வேண்டும். ஸ்பிரிங் சீட் வளையம் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை எடுக்க மட்டுமே. பின்பக்கம் ஸ்பிரிங் பெரும்பாலும் சக்கரத்துக்கு முன்னால் இருப்பதால், 1 மி.மீ. திருப்பினால் மட்கார்டு அதற்கு மேலேயே இறங்கும். இட வல வித்தியாசம் 5 மி.மீ.க்குள் வந்தால் போதும்.

ஸ்ட்ரட்டின் உச்சி நட்டை ஸ்பிரிங் கம்ப்ரஸர் பிடிக்காமல் கழற்றவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் எகிறினால் ஆளையே கொல்லும்.

புஷ் முறுக்கம்

இதைத்தான் அதிகம் பேர் விடுகிறார்கள். லோயர் ஆர்ம் (முன் சக்கரத்தை அடியில் பிடிக்கும் கை), பின் பீம் இரண்டின் புஷ்ஷிலும் (மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) ரப்பர் நடுக்குழாயோடு ஒட்டியிருக்கும். சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கினதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். சீக்கிரம் கிழியும். அதுவரை அந்த முறுக்கே வண்டியைச் சற்றுத் தூக்கிப் பிடிப்பதால் அளந்த உயரமும் தப்பு. ஆகவே இந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை ரேம்ப்பில் சக்கரத்தின் மேல் நிறுத்தி, டார்க் ரெஞ்சால் கம்பெனி அளவுக்கு இறுக்குங்க. பிறகு 300 கிலோமீட்டராவது ஓட்டி, உயரத்தை மறுபடி பாருங்க. புது ஸ்பிரிங் சில மி.மீ. இறங்கியிருக்கும்.

கேம்பர்

மட்கார்டிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளங்க. 14 அங்குல ரிம்மில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 7 மி.மீ. வித்தியாசம் வரும். மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். தாழ்த்தியதும் அது கூடுவது இயல்பு. 1.5 டிகிரி வரை தினசரி ஓட்டத்துக்குப் பயமில்லை. இடமும் வலமும் அரை டிகிரிக்கு மேல் மாறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் துண்டு) சேரும் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி சக்கரத்தின் உச்சியைத் தள்ளினால் கொஞ்சம் கிடைக்கும். போதவில்லை என்றால் கேம்பர் போல்ட் (திருப்பினால் சாய்வை மாற்றும் போல்ட்) வாங்கிப் போடுங்க. பின் பீமில் திருப்ப எதுவுமே இல்லை. ஷிம் (மெல்லிய தகடு) வைப்பது ஒன்றுதான் வழி.

டோ

டயரைத் தின்பது பெரும்பாலும் டோதான், பழி மட்டும் கேம்பர் மேல். லோ பண்ணினதும் டைராடும் (ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி) லோயர் ஆர்மும் வேறு வேறு வளைவில் ஏறுவதால் டோ தானாக நகர்ந்துவிடும்.

வண்டியின் இரு பக்கமும் சக்கர மைய உயரத்தில் நைலான் நூல் கட்டுங்க. முன் மையத்திலிருந்து நூலுக்குள்ள தூரம் இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும், பின் மையத்திலும் அப்படியே. முன் அச்சும் பின் அச்சும் தமக்குள் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் கட்டி விடுங்க. ஒவ்வொரு முன் சக்கரத்துக்கு அடியிலும் கிரீஸ் தடவிய இரண்டு ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் சக்கரம் இழுபடாமல் திரும்பும்.

ரிம்மின் முன் விளிம்பு பின் விளிம்பை விட நூலிலிருந்து தள்ளியிருந்தால் டோ-இன், நெருங்கியிருந்தால் டோ-அவுட். கம்பெனி எண் கையில் இல்லாவிட்டால் பூஜ்யத்துக்கும், இரு சக்கரமும் சேர்த்து 1 மி.மீ. டோ-இன்னுக்கும் இடையில் நிறுத்துங்க. லாக் நட்டைத் தளர்த்தி டைராடைக் கால் சுற்று திருப்பினாலே ரிம்மில் 1 மி.மீ.க்குச் சற்று மேல் மாறும். அதனால் சிறுகச் சிறுகத் திருப்புங்க. ஒரு பக்கத்தை மட்டும் திருப்பினால் ஸ்டீயரிங் கோணலாகும். லாக் நட்டை இறுக்கின பிறகு இன்னொரு தடவை அளங்க, இறுக்கும்போதே நகர்ந்திருக்கும்.

500 கிலோமீட்டர் ஓடினதும் டயரின் குறுக்கே உள்ளங்கையைத் தேயுங்க. ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் ரம்பம் மாதிரி குத்தினால் டோ இன்னும் சரியில்லை. ஹெட்லைட்டும் வண்டியோடு சேர்ந்து இறங்கியிருக்கும். முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்காவிட்டால் வெளிச்சத்தின் கோணமும் மாறும். சுவர் எதிரே நிறுத்தி அதையும் சரிசெய்யுங்க.