விடிய விடியப் பதிவான கூத்தைத் துண்டு போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருக்கூத்து இரவில் தொடங்கினால் விடியும்போதுதான் முடியும். எட்டு மணி நேரப் பதிவைக் கணினியில் ஏற்றியதும் பலர் முதலில் செய்வது எம்பி3 ஆக்குவது. பாதிக் கோளாறு அங்கேயே ஆரம்பம். ஒட்டுவது, வெட்டுவது, ஒலி அளவைச் சரிசெய்வது எல்லாவற்றையும் தரம் குறையாத ஃபைல் வகைகளான வேவ் அல்லது ஃப்ளாக்கில் முடியுங்கள். எம்பி3 கடைசியில், ஒரே ஒரு முறை.

ரெக்கார்டர்கள் பெரும்பாலும் 2 அல்லது 4 ஜிபி ஆனதும் புதிய ஃபைலைத் தொடங்கிவிடும். அவற்றை ஒட்டி ஒரே வேவ் ஆகச் சேமிப்பதுதான் அடுத்த தவறு. வேவ் ஃபைல் தன் அளவைக் குறித்துவைக்கும் இடம் 32 பிட்தான். 4 ஜிபிக்கு மேல் அதில் எழுத முடியாது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் மணிக்குச் சுமார் 635 எம்பி ஆகும். ஆறே முக்கால் மணி நேரத்தில் வரம்பு வந்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் வரம்பைத் தாண்டிய எட்டு மணி நேரக் கூத்தைச் சில பிளேயர்கள் ஒன்றேகால் மணி நேரம் என்று காட்டும். பதறி அழித்துவிடாதீர்கள், ஒலி பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் 'ரா டேட்டா'வாக (தலைப்புத் தகவல் இல்லாத வெறும் ஒலியாக) இறக்கி, பதிவு செய்தபோது இருந்த பிட், சேனல், சாம்பிள் ரேட்டை (கிலோஹெர்ட்ஸ் எண்) கொடுத்தால் மீட்டுவிடலாம். முதலிலேயே 4 ஜிபி வரம்பு இல்லாத வேவ் வகையான ஆர்எஃப்64 அல்லது ஃப்ளாக்கில் சேமித்தால் இந்தப் பாடே இல்லை.

டிஸ்க்கில் இடம் பார்க்காமல் தொடங்காதீர்கள். ஆடாசிட்டி இயல்பாக 32 பிட்டில் வேலை செய்வதால் எட்டு மணி நேர ஸ்டீரியோவுக்கு 10 ஜிபி பிடிக்கும். முழு நீளத்துக்கும் ஒரு எஃபெக்ட் போட்டால் இன்னொரு 10 ஜிபி.

அரை மணிக்கு ஒன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் விருத்தம் நடுவில் அறுந்துபோகும். அமைதியைத் தேடி வெட்டும் தானியங்கி வசதி மேடைப் பேச்சுக்குச் சரி. முகவீணை என்ற ஊதுகருவியும் மிருதங்கமும் ஓயாத கூத்தில் அதற்கு இடைவெளியே கிடைக்காது. கேட்டுத்தான் வெட்ட வேண்டும். ஒரு வேடம் திரைக்குப் பின்னால் வந்து பாடத் தொடங்கும் இடம் நல்ல எல்லை. சந்தேகம் இருந்தால் அடுத்த துண்டை ஐந்து விநாடி முன்னதாகத் தொடங்குங்கள்.

ஒலி அளவைத் துண்டுதுண்டாக நார்மலைஸ் (உச்ச ஒலியை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது) செய்யாதீர்கள். மெதுவான உரையாடலும் உச்சகட்டச் சண்டையும் ஒரே சத்தமாகிவிடும். வெட்டுவதற்கு முன்பே முழுப் பதிவுக்கும் ஒருமுறை செய்யுங்கள்.

கையில் எம்பி3 மட்டும்தான் இருக்கிறது என்றால் ஆடாசிட்டியில் திறந்து மறுபடி எம்பி3 ஆக்குவது தரத்தை இன்னொரு படி கீழே இறக்கும். பிட்ரேட்டை 320 கேபிபிஎஸ் (விநாடிக்கு 320 கிலோபிட்) கொடுத்தாலும் போனது திரும்பாது. எம்பி3டைரக்ட்கட் போன்ற மென்பொருள் மறுசுருக்கம் இல்லாமல் வெட்டும். 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் (எம்பி3இல் வெட்டக்கூடிய மிகச் சிறிய துண்டு) 26 மில்லிவிநாடி. வெட்டு அந்த அளவுக்குத் துல்லியமாக இருக்கும், அது போதும்.

கடைசி எம்பி3க்கு மாறாத பிட்ரேட் வையுங்கள். மாறும் பிட்ரேட்டில் தலைப்புத் தகவல் விடுபட்டால் பிளேயர் நேரத்தைத் தப்பாகக் காட்டும். வெறும் பேச்சுக்கு மோனோ 64 கேபிபிஎஸ் போதும், மணிக்குச் சுமார் 29 எம்பி. தாளமும் முகவீணையும் இருக்கும் கூத்துக்கு ஸ்டீரியோவில் 192 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகாதீர்கள்.

பெயரை 1, 2 என்று தொடங்கினால் பல பிளேயர்களில் 10ஆம் துண்டு 2ஆம் துண்டுக்கு முன் வந்து நிற்கும். 01, 02 என்று போடுங்கள். துண்டுகளின் நீளத்தைக் கூட்டி மூலத்தோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொன்றின் கடைசி நிமிடத்தையும் கேளுங்கள். மூலப் பதிவு இரண்டு இடங்களில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மெமரி கார்டை அழிக்கலாம்.