மின்தூக்கியின் மெயின் சுவிட்ச்: பாதுகாப்பான பராமரிப்பும் சோதனையும்

மின்தூக்கியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் மெயின் சுவிட்ச், மாதக்கணக்கில் யாரும் தொடாமல் மூடிய நிலையிலேயே, அதாவது ‘ஆன்’ நிலையிலேயே கிடக்கும். ஒருவர் கன்ட்ரோல் பேனலுக்குள்ளோ மோட்டார் டெர்மினலிலோ கை வைக்கும் நாளில்தான் அதன் தேவை தெரிகிறது. கைப்பிடி ‘ஆஃப்’ பக்கம் நிற்பது கைப்பிடியின் நிலையைத்தான் காட்டுகிறது. உள்ளே மூன்று ஃபேஸ்களின் தகடுகளும் உண்மையில் விலகினவா என்பதை மீட்டர் மட்டுமே சொல்ல முடியும். கீழே உள்ள வேலைகளைப் பயிற்சியும் அனுமதியும் பெற்ற மின்தூக்கித் தொழில்நுட்பர் மட்டுமே, துணைக்கு இன்னொருவரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். கட்டடப் பராமரிப்பாளர் செய்யக்கூடியது சுவிட்சுக்குப் போகும் வழியில் பொருள்கள் அடுக்கப்படாமல் பார்த்துக்கொள்வதும், எந்தச் சுவிட்ச் எந்த மின்தூக்கிக்கு உரியது என்ற எண் தெளிவாக இருக்கிறதா என்று கவனிப்பதும்தான்.

முதலில் இந்தச் சுவிட்ச் எதைத் துண்டிக்காது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்கள் ஏறும் பெட்டிக்குள் உள்ள விளக்கும் மின்விசிறியும், அந்தப் பெட்டி ஏறி இறங்கும் தூக்கிக் குழியின் விளக்குகளும், பெட்டியின் கூரையிலும் குழியின் அடியிலும் உள்ள பிளக் பாயின்ட்டுகளும் வேண்டுமென்றே தனிச் சுற்றில் வைக்கப்படுகின்றன; உள்ளே சிக்கியவர் இருட்டில் நிற்கக் கூடாது என்பது அதற்கு ஒரு காரணம். இரண்டு மூன்று மின்தூக்கிகள் ஒரு குழுவாக இயங்கும் இடத்தில், பக்கத்து மின்தூக்கியின் பேனலிலிருந்து வரும் இணைப்புக் கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி மறக்கப்படுவது, சுவிட்சின் உள்வரும் பக்க டெர்மினல்கள். சுவிட்ச் திறந்திருந்தாலும் (‘ஆஃப்’ நிலையில் இருந்தாலும்) அவற்றில் முழு மின்னழுத்தம் இருக்கும். ஆகவே சுவிட்சுக்குள்ளேயே வேலை செய்வதாக இருந்தால், அதற்கு மேலே உள்ள பிரேக்கரையும் அணைத்துப் பூட்டியாக வேண்டும்.

அணைப்பதற்கு முன் பெட்டியை ஒரு தளத்துக்குக் கொண்டுவந்து, உள்ளே யாரும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்து, அழைப்புகளை நிறுத்தி, எல்லாத் தளங்களிலும் அறிவிப்பு வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரைச் சுவிட்சைக் கொண்டு நிறுத்துவது, அவசர நேரத்தைத் தவிர, கூடாது; ஒவ்வொரு முறையும் எழும் மின்வில் (தொடுமுனைகள் விலகும்போது பாயும் தீப்பொறி) அந்தத் தொடுமுனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். கைப்பிடியை இயக்கும்போது சுவிட்சுப் பெட்டிக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தயங்காமல் ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். பிறகு வேலை செய்யும் ஒவ்வொருவரும் தம் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, பெயரும் நேரமும் எழுதிய எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட வேண்டும். பூட்டு மாட்டிய பின் கைப்பிடியை ‘ஆன்’ பக்கம் தள்ளிப் பார்ப்பது நல்ல பழக்கம்; பழைய சுவிட்சுகள் சிலவற்றில் பூட்டுத் துளை தேய்ந்து, பூட்டு இருக்கும்போதே கைப்பிடி பாதி தூரம் நகரும்.

மின்சாரம் இல்லை என்பதை நிரூபிக்கும் கட்டத்தில் அவசரம் ஆகாது. அந்த மின்னழுத்தத்துக்கும் சுற்று வகைக்கும் ஏற்ற மீட்டரை, மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் முதலில் சோதியுங்கள். அடுத்து வேலை செய்யவிருக்கும் இடத்தில் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையிலும், ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் அளவிடுங்கள். பின்பு மீண்டும் அந்த முதல் இடத்துக்கே போய் மீட்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இடையில் மீட்டரின் ஃபியூஸ் போயிருந்தால், அது காட்டிய பூஜ்யத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. தொடாமலே ஒளிரும் டெஸ்டரை மட்டும் நம்பக் கூடாது. டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) உள்ள மின்தூக்கியில் இன்னொரு காத்திருப்பும் உண்டு: 400 வோல்ட் மும்முனை மின்சாரம் டிரைவுக்குள் ஏறக்குறைய 565 வோல்ட் நேர்மின்னோட்டமாகக் கெப்பாசிட்டர்களில் தேங்கியிருக்கும். தயாரிப்பாளர் குறித்துள்ள நிமிடங்கள் கழிந்த பிறகும், நேர்மின்னோட்ட டெர்மினல்களில் அளந்து பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

மின்தடையின்போது பெட்டியை அருகிலுள்ள தளத்துக்குக் கொண்டுசெல்லும் பேட்டரிக் கருவி இருந்தால், கவனம் இரட்டிப்பாக வேண்டும். மெயின் சுவிட்சை அணைப்பதை அந்தக் கருவி மின்தடை என்று எடுத்துக்கொண்டால், பெட்டி தானாக நகரத் தொடங்கிவிடும். இதைத் தடுக்கத்தான், சுவிட்ச் அணைக்கப்பட்டதை அந்தக் கருவிக்குத் தெரிவிக்கும் துணைத் தொடுமுனை ஒன்று சுவிட்சில் வைக்கப்படுகிறது. மெயின் சுவிட்ச் அணைந்த பின் பேட்டரியால் நிகழும் அசைவு உட்பட எந்தத் தானியங்கி அசைவும் நடக்கக் கூடாது என்று ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 81-20 கூறுகிறது. இதற்கான சோதனை எளிது, ஆனால் பலரும் செய்வதில்லை. குழியிலும் கூரையிலும் யாரும் இல்லை என்று உறுதி செய்து, காலிப் பெட்டியை இரு தளங்களுக்கு இடையில் நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கருவி விழித்துக்கொள்ளும் நேரத்தையும் தாண்டிக் காத்திருங்கள்: பெட்டி அசையக் கூடாது. பிறகு மெயின் சுவிட்சை மூடிய நிலையில் வைத்து, மேலே உள்ள பிரேக்கரை மட்டும் அணையுங்கள்: இப்போது பெட்டி மெதுவாகத் தளத்தை அடைய வேண்டும். முதல் சோதனையில் பெட்டி நகர்ந்தால், துணைத் தொடுமுனையைச் சரிசெய்யும் வரை அந்த மின்தூக்கியில் வேறு வேலை எதையும் தொடங்காதீர்கள்.

உள்ளே பார்க்கும்போது மூக்கையும் பயன்படுத்துங்கள். கருகிய வாடை பல நேரங்களில் கண்ணுக்கு முன்பே குறையைச் சொல்லிவிடும். நிறம் மாறிய டெர்மினல், விறைத்துப்போன கம்பி உறை, முழுதாகப் பொருந்தாத தகடு, வெடித்த மின்வில் தடுப்புப் பெட்டி ஆகியவற்றைத் தேடுங்கள். வெள்ளிப் பூச்சுள்ள தொடுமுனை கறுத்திருப்பதைக் கண்டு உப்புத்தாளால் தேய்ப்பது தவறு. கறுப்போடு பூச்சும் போய்விடும். ஃபியூஸ்கள் குறிப்பிட்ட வகையிலும் அளவிலும்தான் இருக்க வேண்டும். மின்தூக்கியின் மோட்டார் விட்டுவிட்டு ஓடுவதால் டெர்மினல்கள் சூடாவதும் ஆறுவதுமாக இருந்து தளர்ந்துவிடும். அவற்றைத் தயாரிப்பாளர் குறித்த முறுக்கு அளவில், அளவு காட்டும் ஸ்பேனரால் முடுக்குங்கள். கைப்பலத்தால் முடுக்குவதில் கம்பி நசுங்குவதே அதிகம்.

மின்னளவீடுகளில் இரண்டு முக்கியம். சுவிட்சை மூடி, மேல் பிரேக்கரை அணைத்துப் பூட்டிய நிலையில், ஒவ்வொரு முனையின் (ஃபேஸின்) தொடுதடையை, அதாவது தொடுமுனைகள் சேரும் இடத்து மின்தடையை மைக்ரோ ஓம் மீட்டரால் அளந்து மூன்றையும் ஒப்பிடுங்கள். மிகக் குறைந்த அளவைவிட 50 விழுக்காட்டுக்கு மேல் கூடிய முனை சந்தேகத்துக்கு உரியது. மின்காப்பைச் சோதிக்கும் முன் டிரைவையும் மின்னணுப் பலகைகளையும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் மெகரே (உயர் மின்னழுத்தம் கொடுத்து மின்காப்பை அளக்கும் மீட்டர்) அவற்றைக் கெடுத்துவிடும். 500 வோல்ட் வரையிலான சுற்றுக்கு 500 வோல்ட் மெகரில் 1 மெகாஓமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சுவிட்ச் திறந்த நிலையில் உள்வரும் முனைக்கும் வெளிச்செல்லும் முனைக்கும் இடையிலும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

கம்பிகளைக் கழற்றியிருந்தால் ஃபேஸ் வரிசை பழையபடி உள்ளதா என்று பார்த்த பின்பே மின்சாரம் கொடுக்க வேண்டும். கருவிகளை எண்ணி எடுத்து, அவரவர் பூட்டை அவரவரே கழற்றி, மூடியைப் பூட்டி, முதல் ஓட்டத்தை இன்ஸ்பெக்ஷன் முறையில் (தொழில்நுட்பர் பொத்தானை அழுத்தும் வரை மட்டும் பெட்டி நகரும் முறையில்) மெதுவாக நடத்துங்கள். பிறகு அரைமணி நேரம் போலத் தொடர்ந்து ஏற்றி இறக்கி, மூடிய சுவிட்சுப் பெட்டியின் வழியே பார்க்க வசதி இருந்தால் வெப்பக் கேமராவால் மூன்று ஃபேஸ்களையும் ஒப்பிடுங்கள். ஒரே சுமையில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால், மின்தூக்கியை அன்றே நிறுத்தி அந்த டெர்மினலைத் திறக்க வேண்டும். அளவுகளை முனைவாரியாக, தேதியுடன், பேனல் கதவின் உட்புறம் உள்ள பதிவேட்டில் எழுதிவையுங்கள்.