இரவு ஒன்றரை மணிக்கு எழுதும் ஒரு வரி: டிரம் கோர் இயக்குநர்கள் சமூக ஊடகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு ஒன்றரை மணி. ஒஹாயோவில் ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் நான்கைந்து பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கின்றன. பின்னால் சமையல் வண்டி, அதற்கும் பின்னால் வாத்தியங்களை ஏற்றிய லாரி. முதல் பஸ்ஸின் முன் இருக்கையில் ஒரு டிரம் கோர் இசைக்குழுவின் இயக்குநர் விழித்திருக்கிறார். நேற்றுவரை பின்தங்கியிருந்த ஒரு குழு அன்றைய போட்டியில் அவருடைய குழுவை 0.15 புள்ளியில் முந்திவிட்டது. ஃபேஸ்புக்கில் ஒரு ரசிகர், “இன்று உங்கள் பிள்ளைகள்தான் ஜெயித்திருக்க வேண்டும்” என்று ஆதங்கப்பட்டிருக்கிறார். இயக்குநர் அதன் கீழே ஒரு வரி தட்டுகிறார்: “மைதானத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.” கூடவே கண்ணடிக்கும் ஓர் எமோஜி. பிறகு போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தூங்கிவிடுகிறார்.

இது நான் கற்பனை செய்த காட்சி. இந்த உலகத்தைத் தொடர்ந்து கவனிப்பவர்கள்தான் இது கற்பனை என்பதை நம்ப மறுப்பார்கள். எந்தக் குழு, எந்த ஆண்டு என்று கேட்பார்கள்.

இயக்குநர் என்றதும் நம் மனம் சினிமாவுக்குப் போய்விடுகிறது. இவர் வேறு. டிரம் கோர் என்பது அமெரிக்காவின் கோடைக்கால அணிவகுப்பு இசை. பித்தளை ஊதுகருவிகள், தாள வாத்தியங்கள், கொடியும் மரத் துப்பாக்கியும் சுழற்றும் கலர் கார்டு என்று நூற்றைம்பது பேர் அளவிலான இளைஞர் கூட்டம், கால்பந்து மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சியை நடத்தும். டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு, சுருக்கமாக டிசிஐ, 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் முதல் சாம்பியன்ஷிப்பை நடத்தியது. இப்போது ஒவ்வொரு ஆகஸ்டிலும் இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் இறுதிப் போட்டி. குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் பதினாறு முதல் இருபத்திரண்டு வயதுக்குள். சம்பளம் கிடையாது, அவர்கள்தான் பல ஆயிரம் டாலர் கட்டணம் செலுத்துகிறார்கள். ஊர் ஊராகப் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்களின் தரையில் படுத்துத் தூங்குகிறார்கள்.

இந்தக் கூட்டத்துக்குப் பொறுப்பாளர்தான் இயக்குநர். ஒரே ஆள் பள்ளி முதல்வர், பயண ஏற்பாட்டாளர், நன்கொடை திரட்டுபவர், சில சமயம் தாய்தந்தை. போதாக்குறைக்கு, இவரைப் போன்ற இயக்குநர்கள்தான் போட்டி விதிகளில் வாக்களிப்பவர்களும். இத்தனை தொப்பிகளை அணிந்தவர் ஒரு கமெண்ட் எழுதும்போது எந்தத் தொப்பியோடு எழுதுகிறார் என்பதைப் படிப்பவர்தான் முடிவுசெய்கிறார். எழுதியவர் முடிவுசெய்ய முடியாது. பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

முதல் தவறு, “இது என் சொந்தக் கணக்கு” என்ற வாசகத்தை நம்புவது. முகப்பில் “கருத்துகள் என்னுடையவை மட்டுமே” என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அதே முகப்பில் குழுவின் சீருடையில் எடுத்த படம் இருக்கும். நண்பர் பட்டியலில் பாதிப்பேர் பழைய உறுப்பினர்களாக இருப்பார்கள். அமெரிக்கத் தேர்தல் காலத்தில் இது வெறும் மரியாதைப் பிரச்சினையாக நிற்பதில்லை. இந்தக் குழுக்களில் பெரும்பாலானவை அமெரிக்க வருமானவரிச் சட்டத்தின் 501-சி-3 பிரிவின் கீழ் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள். அப்படிப்பட்ட அமைப்புகள் ஒரு வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ பிரசாரம் செய்யக்கூடாது என்ற விதி 1954 முதல் இருக்கிறது. இயக்குநர் தனிமனிதராகத் தாராளமாகப் பேசலாம். ஆனால் குழுவின் சின்னத்தைத் தோளில் சுமந்த படத்துக்குக் கீழே பேசினால், பேசியது மனிதரா சின்னமா என்று கேள்வி எழும்.

அடுத்தது நடுவர்களைப் பற்றிய ஜாடைப் பேச்சு. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

டிசிஐ மதிப்பெண் நூற்றுக்குப் போடப்படுகிறது. ஒட்டுமொத்த விளைவுக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. பல நடுவர்கள் தனித்தனியே தரும் எண்களைக் கூட்டி, சராசரி எடுத்து, தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை போகிறார்கள். 2008 இறுதிப் போட்டியில் ஃபான்டம் ரெஜிமென்ட் குழு புளூ டெவில்ஸ் குழுவை வென்ற வித்தியாசம் 0.025. 1996, 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் முதலிடத்துக்கு இரண்டு குழுக்கள் சமமாக வந்தன. இத்தனை மெல்லிய இழையில் கோடைக்கால உழைப்பு தொங்கும்போது கோபம் வருவது இயற்கை. ஆனால் அந்தக் கோபத்துக்கு முறையான இடம் ஒன்று இருக்கிறது. நடுவர்கள் நிகழ்ச்சியைப் பார்த்தபடியே பேசிப் பதிவுசெய்யும் குரல் குழுவுக்குக் கிடைக்கும், போட்டிக்குப் பின் நடுவரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து “இந்த இடத்தில் ஏன் குறைத்தீர்கள்?” என்று கேட்கும் வழக்கமும் உண்டு. அந்த அறையில் சொல்லாததை ஃபேஸ்புக்கில் சொன்னால், அடுத்த வாரத்து நடுவருக்கு அழுத்தம் கொடுக்கும் முயற்சியாக அது தெரியும். எழுதியவர் அப்படி நினைக்காமலேயே இருந்திருக்கலாம்.

“மைதானத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்” என்ற வரியை மறுபடியும் பாருங்கள். நடுவர் அதை “நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய்” என்று படிக்கிறார். வென்ற குழுவின் பதினெட்டு வயது டிரம்பெட் வாசிப்பவர் “உன் வெற்றி பொய்” என்று படிக்கிறார். அவரும் அன்று அதே வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவர்தான். பழைய உறுப்பினர்கள் அதைப் போர்முரசாக எடுத்துக்கொண்டு எதிர்க்குழுவின் பக்கத்துக்குப் போய்ச் சண்டையிடுகிறார்கள். இயக்குநரின் சொந்த உறுப்பினர்களோ குழம்பிப்போகிறார்கள். மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நேற்றைவிட இன்று நன்றாகச் செய்தோமா என்று மட்டும் பாருங்கள் என்று காலையில் சொன்னவர் இவர்தானே?

லைக்கும் பேச்சுதான். வேறொருவர் நடுவரைத் திட்டியதற்கு இயக்குநர் போடும் ஒரு சிவப்பு இதயம், அவரே திட்டியதற்குச் சமம். இதற்குமேல் இதில் விளக்க எதுவும் இல்லை.

அடுத்த தவறு மிகவும் வலிக்கக்கூடியது. பருவத்தின் நடுவில் ஓர் உறுப்பினர் விலகிப் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கலையில் அது உடனே கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் மைதானத்தில் நிற்க ஓர் இடம் உண்டு. ஆள் போனால் வளைவான வரிசையில் ஒரு பல் விழுந்ததுபோல் ஓட்டை தெரியும். அதை அவர்கள் ஓட்டை என்றே சொல்வார்கள். அன்று மாலை இயக்குநர் எழுதுகிறார்: “கோடைக்காலம் எல்லோரையும் சலித்தெடுக்கிறது. உண்மையான ஈடுபாடு உள்ளவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். இவர்களை நினைத்துப் பெருமைப்படுகிறேன்.”

இருப்பவர்களைத் தட்டிக்கொடுக்க எழுதியதுதான். பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நூற்றைம்பது பேர் உள்ள குழுவில் அன்று ஓர் இடம் காலியானது எல்லோருக்கும் தெரியும். போனவருக்குக் கால் எலும்பில் விரிசல் விட்டிருக்கலாம். இரண்டாவது தவணைப் பணத்தைக் கட்ட முடியாமல் போயிருக்கலாம். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். வீட்டுக் கட்டிலில் படுத்தபடி அவர் அந்தப் பதிவைப் படிக்கிறார். கீழே தன்னோடு தரையில் படுத்துத் தூங்கிய நண்பர்கள் நெருப்பு எமோஜிகளை வரிசையாகப் போட்டிருப்பதையும் பார்க்கிறார். பதில் எழுத அவரால் முடியாது. எழுதினால் அடுத்த ஆண்டு தேர்வு முகாமில் நிற்கும்போது யார் எதிரே உட்கார்ந்திருப்பார் என்று அவருக்குத் தெரியும். இன்னும் குழுவில் இருக்கும், முழங்கால் வலியை மூன்று நாளாக மறைத்துக்கொண்டிருக்கும் வேறொரு பிள்ளையும் அதே வரியைப் படிக்கிறது. வலியைச் சொன்னால் ஈடுபாடு இல்லாதவர் பட்டியலில் சேர்ந்துவிடுவோம் என்று அது புரிந்துகொள்கிறது.

எந்தக் கமெண்ட்டையும் இந்த ஒரு சோதனைக்கு உட்படுத்தலாம் என்பது என் கருத்து: இதனால் காயப்படக்கூடியவர் இதே இடத்தில் அச்சமின்றி மறுப்பு எழுத முடியுமா? முடியாது என்றால் அந்த வரி போகவேண்டாம்.

உறுப்பினர்களின் படங்களுக்குக் கீழே எழுதும் கமெண்ட் இன்னொரு வகை. “அழகாக இருக்கிறாய்”, “இந்தப் பெண் எங்கள் நட்சத்திரம்” போன்றவை முன்பு பாசமாகக் கடந்துபோயிருக்கும். 2018 ஏப்ரலில் அந்தக் காலம் முடிந்தது. புகழ்பெற்ற கேடட்ஸ் குழுவின் நீண்டகால இயக்குநர்மீது ஒன்பது பெண்கள் சுமத்திய பாலியல் குற்றச்சாட்டுகளை பிலடெல்பியா இன்குவயரர் நாளிதழ் வெளியிட்டது. அவர் பதவி விலகினார். 1934-இல் தொடங்கிய அந்தக் குழு 2024-இல் செயல்பாட்டை நிறுத்துவதாக அறிவித்தது. பழைய பாலியல் அத்துமீறல்கள் தொடர்பான வழக்கின் சுமையும் அதற்குக் காரணம். அதன்பிறகு ஓர் இயக்குநர் பதினேழு வயதுப் பிள்ளையின் படத்துக்குக் கீழே எழுதும் எந்த வரியையும் பெற்றோர் வேறு கண்ணோடுதான் படிக்கிறார்கள். “என்னை இப்படிச் சந்தேகிப்பதா?” என்று நல்ல இயக்குநர்கள் மனம் நோவதையும் பார்க்க முடிகிறது. நோவு நியாயமானதுதான்; ஆனாலும் எழுதாமல் இருப்பதே மேல். பாராட்ட வேண்டுமென்றால் குழுவின் அதிகாரபூர்வப் பக்கத்தில், வாசிப்பைப் பற்றி, ஒரு பிரிவு முழுவதையும் சேர்த்துப் பாராட்டலாம்.

மற்றக் குழுக்களைப் பற்றிய கமெண்ட்டில் ஒரு வரலாற்றுச் சிக்கல் இருக்கிறது. 2010-இல் ஏழு பெரிய குழுக்களின் இயக்குநர்கள் சேர்ந்து, தங்களுக்கு அதிகாரமும் வருமானமும் கூடுதலாக வேண்டும் என்ற யோசனையை டிசிஐ-க்குள் முன்வைத்தார்கள். உள் கூட்டத்துக்காகத் தயாரித்த அந்த ஆவணம் வெளியே கசிந்து ரசிகர்களிடையே பெரிய சண்டையாயிற்று. மூடிய கதவுக்குள் பேசியதும் வெளியே வரும் என்பது அதில் ஒரு பாடம். இன்னொன்று, அன்றுமுதல் பெரிய குழுவின் இயக்குநர் சிறிய குழுவைப் பற்றி எதைச் சொன்னாலும் அந்த ஞாபகத்தின் வழியாகவே படிக்கப்படுகிறது. பணமில்லாமல் ஒரு சிறு குழு இந்த ஆண்டு வரவில்லை என்று அறிவித்தால், “இந்தக் கலையின் பொருளாதாரம் மாற வேண்டும் என்று எப்போதோ சொன்னோம்” என்று எழுதுவது இழவு வீட்டில் கடன் கணக்குப் பார்ப்பதற்கு ஒப்பு. “உங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் தேர்வு முகாமில் இடம் உண்டு” என்று அன்றே பொதுவில் அழைப்பதும் பருந்து வட்டமிடுவதாகத் தெரியும். அதை அந்தக் குழுவின் இயக்குநரிடம் போனில் சொல்வதுதான் முறை.

பழைய உறுப்பினர்களோடு வாதிடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1980-களில் ஆடிய ஒருவர், ஒலிபெருக்கியும் சின்தசைசரும் வந்தபிறகு இது டிரம் கோரே இல்லை என்று எழுதுவார். (ஒலிபெருக்கி 2004-இலும், மின்னணு வாத்தியங்கள் 2009-இலும் அனுமதிக்கப்பட்டன, சண்டை இன்னும் ஓயவில்லை, ஓயப்போவதுமில்லை.) அவருக்கு நையாண்டியாகப் பதில் சொன்னால் கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் அவருடைய வரிசையில் நின்ற பலர்தான் இன்று அந்தக் குழுவின் நன்கொடையாளர்கள்.

கடைசியாக, அழிப்பது. காலையில் எழுந்து பார்க்கிறார் நம் இயக்குநர். இருநூறு பதில்கள். பதற்றத்தில் தன் வரியை நீக்கிவிடுகிறார், ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல். ஸ்க்ரீன்ஷாட் அதற்குள் பல கை மாறிவிட்டது. இப்போது “சொன்னார்” என்பதோடு “மறைத்தார்” என்பதும் சேர்ந்துகொள்கிறது. அதைவிட மோசமானது “யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்” என்று தொடங்கும் வருத்தம். புண்பட்டவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது அந்த “யாருடைய” என்ற சொல் இரண்டாவது அடி.

அவர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: “நேற்றிரவு நடுவர்களைக் குறைசொல்லும்படி ஒரு வரி எழுதினேன். தவறு, நீக்கிவிட்டேன். நேற்று எங்களைவிட நன்றாகச் செய்த குழுவுக்கும் அதன் உறுப்பினர்களுக்கும் வாழ்த்துகள்.” எழுதிவிட்டு, எமோஜி எதையும் சேர்க்காமல், காலைப் பயிற்சி தொடங்குவதற்குமுன் அதையே தன் பிள்ளைகளின் முன்னால் நின்று வாயாலும் சொல்ல வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தின் சுவரோரம் சார்ஜரில் கிடக்கும் போன்களில் அவர்கள் முதல் வரியை ஏற்கனவே படித்து முடித்திருப்பார்கள்.